பேஸ் அம்பிளிபயர் மௌனமானால்: பழுதைத் தேடுவதும் திருத்துவதும்

பபிலோனுக்குச் சிறைப்பிடித்துச் செல்லப்பட்ட மக்கள் தங்கள் யாழ்களை ஆற்றோர மரங்களில் தொங்கவிட்டதாக 137 ஆம் திருப்பாடலில் வாசிக்கின்றோம். இடம்பெயர்வை அனுபவித்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 1990களின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு எனத் தீவகத்தின் பல கிராமங்கள் வெறிச்சோடின. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே எழுந்து நடந்தது. காணியையும் கிணற்றையும் மாட்டையும் விட்டுச் சென்றவர்கள் ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் கிற்றாரையும் கூடவே விட்டுச் சென்றார்கள்.

மீளக் குடியமர்ந்த பங்குகளிலும், இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் வாழும் இடங்களிலும் பாடகர் குழாங்கள் மீண்டும் உருவாகியுள்ளன. கீபோட், கிற்றார் என்பவற்றுடன் பல இடங்களில் பேஸ் கிற்றாரும் அதற்கான அம்பிளிபயரும் உண்டு. வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பியதாகவோ, வீட்டுக்கு வீடு பணம் சேர்த்துப் பழையதாக வாங்கியதாகவோ அது இருக்கும். திருவிழா நவநாளின் நடுவே ஒருநாள் அது மௌனமாகிவிடும்.

அதன்பின் நடப்பதை நாம் அறிவோம். பெட்டி அறைவீட்டின் மூலைக்குப் போய்விடும். அல்லது யாழ் நகருக்குக் கொண்டுசெல்லப்படும். நெடுந்தீவிலிருந்து என்றால் குறிகட்டுவான் வரை ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல், பின்னர் பஸ், ஒரு நாள் உழைப்பும் வீண். அங்கே போய்ப் பார்த்தால் வயரில் ஒரு முறிவு மட்டுமே இருந்திருக்கும். மூன்றாவதாக ஒன்றும் நடக்கலாம். அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் இரைச்சலை நிறுத்துவதற்காகப் புவிக்கம்பியைக் கழற்றிவிடுவார். இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது.

இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்: பெரும்பாலான பழுதுகள் பெட்டிக்கு வெளியே, செலவு குறைந்த இடங்களிலேயே இருக்கின்றன. ஒழுங்காகத் தேடினால் அவற்றை நாமே கண்டுபிடிக்கலாம். ஆனால் எந்தப் பழுதைத் திருத்துவதற்காகவும் ஓர் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது.

பேஸ் அம்பிளிபயர் ஏன் வேறானது?

அமெரிக்காவின் லியோ பென்டர் 1951 இல் தமது பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் தாழ்ந்த ஒலிக்குச் சாதாரண அம்பிளிபயர் ஈடுகொடுக்காததால் அடுத்த ஆண்டு அதற்கெனத் தனியான அம்பிளிபயரையும் செய்தார். சாதாரண கிற்றாரின் தடித்த கம்பி செக்கனுக்கு 82 தடவை அதிர்கிறது. பேஸ் கிற்றாரின் தடித்த கம்பியோ 41 தடவை மட்டுமே அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கேட்கச் செய்ய அதிக காற்றைத் தள்ளவேண்டும். எனவே பெரிய ஸ்பீக்கர், உறுதியான பெட்டி, வலுவான மின் வழங்கல் ஆகியன தேவை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பிறக்கின்றன. முதலாவது, பேஸ் பெட்டி எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் திருகாணிகள் தளரும், ஈயப்பற்றுகள் வெடிக்கும். இரண்டாவது, எமது மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுகள் கொண்டது. சிறிய ஸ்பீக்கர் மறைத்துவிடும் இந்த மின் இரைச்சலைப் பேஸ் ஸ்பீக்கர் முழுமையாக ஒலிக்கும். இரைச்சல் கேட்டவுடன் பெட்டி எரிந்துபோகிறது என்று பயப்படவேண்டியதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று தேடவேண்டும்.

இரண்டு வாய்க்கால்கள்

வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எவரும் முதலில் இறைக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் போடுவதில்லை. எண்ணெய் இருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா, வாய்க்கால் உடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறோம். தண்ணீர் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று கண்டுவிட்டால் பழுதின் இடம் தெரிந்துவிடும்.

அம்பிளிபயரிலும் இதே முறைதான். இங்கே இரண்டு வாய்க்கால்கள் உண்டு.

மின் வாய்க்கால்: சுவர்ப் பிளக்கிலிருந்து வயர், பியூஸ், சுவிச், ரான்ஸ்போமர், பின்னர் மின்னை நேராக்கும் டயோட்டுகள், இறுதியில் அதைத் தேக்கிச் சீராக்கும் பெரிய கப்பாசிற்றர்கள்.

ஒலி வாய்க்கால்: கிற்றாரின் பிக்கப்பிலிருந்து கிற்றார் வயர், உள்ளே போகும் ஜாக், சிறு ஒலியை வளர்க்கும் முன்பகுதி, தொனிக் குமிழ்கள், பின்னர் வலுவூட்டும் பின்பகுதி, இறுதியில் ஸ்பீக்கர்.

ரான்ஸ்போமரை நிலைமாற்றி என்றும், டயோட்டை இருவாயி என்றும், கப்பாசிற்றரைக் கொள்ளளவி என்றும் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள். கடையில் கேட்கும்போது ஆங்கிலப் பெயரைச் சொல்வதே வசதியானது.

கைவைக்க முன்னர்

1972 மே 3 ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், ஸ்ரோன் த குரோஸ் என்னும் குழுவின் கிற்றார்க் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே மின் தாக்கி இறந்தார். ஒரு கை கிற்றார்க் கம்பியில் இருக்க, மறு கையால் புவித்தொடுப்பு இல்லாத மைக்கைத் தொட்டதே காரணம். கிற்றாரின் உலோகக் கம்பிகள் வயரின் வெளி உறை வழியாக அம்பிளிபயரின் உலோகச் சட்டத்துடன் இணைந்திருக்கின்றன. எனவே மேடையில் உள்ள ஒரு கருவியில் மின் கசிந்தாலும் வாசிப்பவரின் உடலே அதற்கு வழியாகிவிடலாம். கோயில் முற்றத்தில் ஈர மணலில் வெறுங்காலுடன் நின்று வாசிக்கும் எமது பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கதையல்ல.

ஆகவே பின்வருவனவற்றைக் கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. பிளக்கிலுள்ள புவிக்கம்பியை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. புவி முனை இல்லாத இரண்டு முனை அடாப்ரரைப் பேஸ் அம்பிளிபயருக்குப் பாவிக்கக்கூடாது. பழைய வயர்களில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமல் கறுப்பு, புவி பச்சை. புதிய வயர்களில் உயிர்க்கம்பி மண்ணிறம், நொதுமல் நீலம், புவி பச்சையும் மஞ்சளும்.

2. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் புவி முனைக்கும் பெட்டியின் உலோகத் திருகாணிக்கும் இடையே அளந்து பாருங்கள். ஏறத்தாழப் பூச்சியம், ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் புவிக்கம்பி அறுந்துள்ளது. அதைத் திருத்தும்வரை பெட்டியைப் பாவிக்க வேண்டாம்.

3. நிகழ்ச்சிக்கு முன்னர், எல்லாக் கருவிகளும் இயங்கும்போது, மீற்றரை 250 வோல்ற் அல்லது அதற்கு மேற்பட்ட மாறுமின் அளவில் வைத்து, அதன் ஒரு முனையைக் கிற்றார்க் கம்பியிலும் மறு முனையை மைக்கின் உலோக வலையிலும் வையுங்கள். மீற்றரின் பிளாஸ்ரிக் பிடியை மட்டும் பிடிக்கவேண்டும். சில வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எவரும் தொடாமல் மின்சாரத்தை நிறுத்திக் காரணத்தைத் தேடவேண்டும்.

4. மண்டபத்தில் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் இருக்கட்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

5. பிளக்கைக் கழற்றிய பின்னரும் பெட்டிக்குள் மின் தேங்கி நிற்கும். வால்வ் அம்பிளிபயரில் அது 400 வோல்ற்றையும் தாண்டலாம். எடை குறைந்த புதுவகைச் சுவிச்சிங் அம்பிளிபயரில் 300 வோல்ற்றுக்கு மேல் இருக்கும். இவ்விரு வகையையும் பயிற்சி பெறாதவர் திறக்கக்கூடாது.

தேவையான கருவிகள்

ஒரு மல்ரிமீற்றர், திருகாணிச் சாவிகள், நாற்பது வாற் அளவான சூட்டுக்கோல், எலெக்ரோனிக் வேலைக்கான ஈயம், தொடுமுனைகளைத் துப்புரவாக்கும் கொன்ராக்ற் கிளீனர், நல்ல நிலையில் உள்ள ஒரு கிற்றார் வயர், ஒன்றரை வோல்ற் ரோச் பற்றரி. இவற்றைப் பங்கு இளைஞர் மன்றம் ஒரு தகரப் பெட்டியில் பொதுவாக வைத்திருக்கலாம். இதே மீற்றர் தண்ணீர்ப் பம்பின் வயரைப் பார்க்கவும் உதவும்.

பழுதைத் தேடும் ஒழுங்கு

அ. சிவப்பு லைற்றே எரியவில்லை

முதலில் அதே சுவர்ப் பிளக்கில் ஒரு மேசை விளக்கைக் கொழுவிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அடுத்தது பிளக். சதுர முனைப் பிளக்கினுள்ளே ஒரு சிறு பியூஸ் உண்டு. அம்பிளிபயருக்கு அங்கே 3 அல்லது 5 அம்பியர் போதும். அடுத்து, மின் வயரைக் கழற்றி அதன் ஒவ்வொரு கம்பியையும் இரு முனைகளுக்கிடையே அளந்து பாருங்கள். எலி கடித்த இடம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

பின்னர் பெட்டியின் பின்புறத்திலுள்ள கண்ணாடிப் பியூஸ். அதன் தோற்றமே கதை சொல்லும். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால் வயதோ சிறிய மிகைச்சுமையோ காரணமாகலாம். கண்ணாடி கறுத்தோ வெள்ளி பூசியதுபோலோ இருந்தால் உள்ளே பெரிய ஷோட் உண்டு.

பியூஸை அதே அம்பியர், அதே வகையில் மட்டுமே மாற்றுங்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவதும் செப்புக் கம்பியைக் கட்டுவதும் காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. புதிய பியூஸும் உடனே எரிந்தால் மூன்றாவதைப் போடவேண்டாம். அது திருத்துபவரின் வேலை.

ஆ. லைற் எரிகிறது, ஒலி இல்லை

இதுவே மிகவும் பொதுவான பழுது. வரிசையாகப் பாருங்கள்.

கிற்றாரின் உள்ளே பற்றரி உள்ளதா என்று கேளுங்கள். பல பேஸ் கிற்றார்களில் 9 வோல்ற் பற்றரி ஒன்று உண்டு. அது தீர்ந்தால் கிற்றாரே ஊமை. வயரை வாசித்து முடிந்ததும் கழற்றாமல் விட்டால் பற்றரி ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, கிற்றார் வயரை மாற்றிப் பாருங்கள். பிளக்கின் கழுத்துப் பகுதியிலேயே பெரும்பாலும் முறிவு ஏற்படும். அந்த இடத்தை வெட்டி, புதிதாக ஈயம் பற்றவைத்தால் வயர் மீண்டும் உழைக்கும்.

ஹெட்போன் ஜாக்கைப் பாருங்கள். அதில் எதையாவது கொழுவினால் ஸ்பீக்கர் துண்டிக்கப்படும்படி ஒரு தகட்டுத் தொடுமுனை உள்ளே இருக்கும். உப்புக் காற்றில் அத்தகட்டில் களிம்பு படிந்தால், எதுவும் கொழுவாமலே ஸ்பீக்கர் துண்டிக்கப்பட்டதுபோல் ஆகிவிடும். பிளக்கை நாலைந்து தடவை உட்செலுத்தி எடுத்தால் சிலவேளை ஒலி திரும்பும். பின்னர் கிளீனர் அடித்து நிரந்தரமாகச் சுத்தம் செய்யலாம்.

இப்போது நடு வாய்க்காலுக்கு வருவோம். பல அம்பிளிபயர்களின் பின்புறத்தில் சென்ட், ரிற்றேன் என்று இரு ஜாக்குகள் உண்டு. இவை முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடைப்பட்ட மதகு. ஒரு நல்ல கிற்றார் வயரால் சென்ட்டையும் ரிற்றேனையும் இணையுங்கள். ஒலி வந்துவிட்டால் ரிற்றேன் ஜாக்கின் தொடுமுனையில் களிம்பு. வேறெதுவும் பழுதில்லை. நகரத்துக்குப் போகும் பெட்டிகளில் ஒரு பங்கு இந்த ஒரு தகட்டினால்தான் போகிறது.

அப்போதும் ஒலி இல்லாவிட்டால், ஒலிக்குமிழைக் குறைத்து வைத்துக்கொண்டு ரிற்றேன் ஜாக்கில் கைத்தொலைபேசியின் பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். பாட்டுக் கேட்டால் பின்பகுதியும் ஸ்பீக்கரும் நலம், பழுது முன்பகுதியில். பாட்டுக் கேட்காவிட்டால் பழுது பின்பகுதியிலோ ஸ்பீக்கரிலோ.

ஸ்பீக்கரைச் சோதிக்க, அம்பிளிபயரை நிறுத்தி ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள். ரோச் பற்றரியை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டெடுங்கள். டொக் என்ற ஒலியுடன் கூம்பு அசையவேண்டும். மீற்றரில் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 ஓம் வரை, 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் மூன்றரை ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் எரிந்துள்ளது, அல்லது கூம்புக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்துள்ளது. இரண்டாவதைப் பற்றவைத்துத் திருத்தலாம்.

இ. கரகரப்பு, விட்டுவிட்டுக் கேட்டல்

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் குமிழின் உள்ளே தூசியும் களிம்பும். பிளக்கைக் கழற்றி, கிளீனரை உள்ளே அடித்து, குமிழை இருபது தடவை இருபுறமும் திருப்பி, நன்றாக உலரவிடுங்கள். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் என்பன ஆகாது. அவை தூசியை இன்னும் பிடித்து வைக்கும்.

வயரை அசைக்கும்போது கரகரத்தால் ஜாக்கின் ஈயப்பற்று வெடித்துள்ளது. உற்றுப் பார்த்தால் முனையைச் சுற்றி மெல்லிய வளையம்போல் வெடிப்புத் தெரியும். பழைய ஈயத்தைச் சற்று அகற்றி, சூட்டுக்கோலால் முனையைச் சூடாக்கி, அந்தச் சூட்டிலே புதிய ஈயம் உருகும்படி செய்யவேண்டும். கோலிலே ஈயத்தை உருக்கி முனையில் ஒட்டினால் அது பிடிக்காது. நன்றாகப் பிடித்த பற்று முனையைச் சுற்றி ஒழுங்காகப் பரவி, வழவழப்பாக இருக்கும்.

ஈ. இரைச்சல்

இதற்குப் பேஸ் வாசிப்பவரின் காதே நல்ல மீற்றர். மின் இரைச்சல் இரண்டு சுருதிகளில் வரும். செக்கனுக்கு 100 அதிர்வுள்ள இரைச்சல், பேஸ் கிற்றாரின் மெல்லிய கம்பியை விரல் வைக்காமல் தட்டும்போது வரும் ஒலிக்கு மிக அருகில் இருக்கும். 50 அதிர்வுள்ள இரைச்சல் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, தடித்த கம்பியின் மூன்றாம் கட்டையில் வரும் ஒலிக்கு அருகில் இருக்கும்.

கிற்றாரைக் கழற்றி, எல்லாக் குமிழ்களையும் பூச்சியத்தில் வைத்த பின்னரும் மெல்லிய கம்பியின் சுருதியில் இரைச்சல் நின்றால், மின்னைத் தேக்கும் பெரிய கப்பாசிற்றர் தளர்ந்துவிட்டது. அதன் தலை வீங்கியோ, அடியில் மண்ணிறக் கசிவோ இருக்கலாம். மாற்றும்போது அதே கொள்ளளவு, அதே அல்லது கூடிய வோல்ற் உள்ளதைப் போடவேண்டும். நேர், மறை முனைகள் மாறினால் அது வெடிக்கும்.

கிற்றாரைக் கொழுவியதும் மட்டும் தடித்த கம்பியின் சுருதியில் இரைந்தால், பெரும்பாலும் வயரின் வெளி உறையோ கிற்றாரின் உள்ளே உள்ள புவி இணைப்போ அறுந்துள்ளது. இரைச்சல் கம்பியைத் தொட்டதும் குறைந்தால் அது பல கிற்றார்களின் இயல்பு.

மிக்ஸருடன் இணைத்தபோது மட்டும் இரைந்தால், இரண்டு கருவிகளும் இரண்டு வழிகளால் புவியைத் தொடுகின்றன. இந்த இடத்தில்தான் பலர் புவிக்கம்பியை வெட்டுகிறார்கள். செய்யாதீர்கள். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து மின் கொடுங்கள். அல்லது டி.ஐ. பெட்டி என்னும் சிறு கருவியைப் பாவித்து அதன் லிவ்ற் சுவிச்சைத் தட்டுங்கள். அது ஒலி வயரின் உறையை மட்டுமே பிரிக்கும், உயிரைக் காக்கும் புவிக்கம்பியைத் தொடாது.

உ. கிழிந்த ஒலி, இடையில் நின்றுபோதல்

முன் வலையைக் கழற்றிக் கூம்பைப் பாருங்கள். சிறு கிழிசலை மெல்லிய தாளும் பசையும் கொண்டு ஒட்டலாம். பெட்டியை நிறுத்தி, இரு கைவிரல்களாலும் கூம்பைச் சமமாக மெதுவாக அழுத்துங்கள். உரசும் ஒலி கேட்டால் சுருள் இடம் விலகியுள்ளது. உரசல் இல்லாவிட்டால் தளர்ந்த திருகாணிகளை இறுக்குங்கள். பெட்டி கிறுகிறுப்பதையே ஸ்பீக்கர் கிழிந்ததாகப் பலர் எண்ணிவிடுகின்றனர்.

அரைமணி நேரம் வாசித்ததும் ஒலி நின்று, ஆறியபின் திரும்பினால் அது சூட்டுப் பாதுகாப்பு. காற்றுத் துவாரங்களில் தூசி, சுவரோடு ஒட்டி வைத்தல், விசிறி நிற்றல் ஆகியவற்றைப் பாருங்கள். மேலதிக ஸ்பீக்கரும் காரணமாகலாம். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம் ஆகும். 4 ஓம் இரண்டை இணைத்தால் 2 ஓம். குறைந்தது 4 ஓம் என்று எழுதிய அம்பிளிபயர் அதைத் தாங்காது. வால்வ் அம்பிளிபயரை ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கவே கூடாது. ஸ்பீக்கருக்கு மெல்லிய கிற்றார் வயரையும் பாவிக்கக்கூடாது.

நீண்டகாலம் பூட்டிக் கிடந்த பெட்டி

பல ஆண்டுகளாக வீட்டிலோ அறைவீட்டிலோ கிடந்த அம்பிளிபயரைக் கண்டெடுத்தவுடன் பிளக்கைச் செருகவேண்டாம். உள்ளே பல்லி, கரப்பான், எறும்புக் கூடு இருக்கலாம். கப்பாசிற்றர்கள் தமது தாங்கும் சக்தியை இழந்திருக்கலாம்.

இதற்குத் திருத்துபவர்கள் சீரீஸ் பல்ப் என்னும் எளிய முறையைப் பாவிக்கின்றனர். உயிர்க்கம்பியின் வழியில் 60 அல்லது 100 வாற் பழைய இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் ஊடாகவே அம்பிளிபயருக்கு மின் கொடுப்பார்கள். உள்ளே ஷோட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். சேதம் பல்ப்போடு நின்றுவிடும். உள்ளே நலமென்றால் பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது. சுவிச்சிங் வகை அம்பிளிபயருக்கும் இச்சோதனை சரிவராது. இணைப்பைச் செய்பவர் மின்வேலை தெரிந்தவராக இருக்கவேண்டும்.

உப்புக் காற்றும் கடற் பயணமும் ஜெனரேற்றரும்

தீவகத்தில் அம்பிளிபயரின் முதல் எதிரி உப்பு. பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் வையுங்கள். துணியுறை போடுங்கள். சூடாக இருக்கும்போது பிளாஸ்ரிக் உறையால் மூடினால் உள்ளே வியர்க்கும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் இயக்கினால் அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். ஜாக்குகளில் மாதம் ஒருமுறை பிளக்கைச் செருகி எடுத்தால் களிம்பு படியாது.

படகில் கொண்டுசெல்லும்போது தார்ப்பாயால் சுற்றிக் கட்டுங்கள். கடல்நீர் பட்டுவிட்டால் வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கவேண்டாம். அந்தப் போட்டுப் பார்த்தலே பெட்டியைக் கொல்கிறது. நன்னீரில் நனைத்த துணியால் வெளியே துடைத்து, உப்புக் காய்ந்து இறுகுவதற்கு முன்னர் திருத்துபவரிடம் சேர்ப்பியுங்கள்.

திருவிழாவில் ஜெனரேற்றர் பாவித்தால் முதலில் அதை இயக்கி, ஓட்டம் சீரானபின் அம்பிளிபயரைப் போடுங்கள். நிறுத்தும்போது முதலில் அம்பிளிபயரை நிறுத்துங்கள். எண்ணெய் தீரும்வரை வாசிக்கவேண்டாம். சிறிய ஜெனரேற்றரில் புவித்தொடுப்பு முறையாக அமைக்கப்படாவிட்டால் ரிப் சுவிச்சும் காப்பாற்றாது. புவிக்கோலை ஈர நிலத்தில் இறக்கி இணைக்கும் வேலையை ஒரு மின்னியலாளரிடம் விடுங்கள்.

திருத்துபவரிடம் கொண்டுசெல்லும்போது

நோயாளியை வைத்தியரிடம் கூட்டிச்செல்பவர் நோயின் கதையையும் கொண்டுசெல்வார். அதேபோல ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள்: எப்போது நின்றது, நின்றபோது மணம் அல்லது புகை வந்ததா, ஜெனரேற்றரில் ஓடியதா, எந்தச் சோதனைகளைச் செய்தோம், முடிவு என்ன. சென்ட்டையும் ரிற்றேனையும் இணைத்தும் ஒலி இல்லை, ஸ்பீக்கர் 6 ஓம் காட்டுகிறது என்று எழுதியிருந்தால் அவரது தேடல் பாதியாகக் குறையும். மின் வயரையும் ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டுசெல்லுங்கள். எரிந்து கழற்றப்பட்ட பகுதிகளைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பழகும் பிள்ளைகளுக்கு அவை பாடநூல்.

மின்வலு ரான்சிஸ்ரர் எரிந்திருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு உடனே ஸ்பீக்கரைக் கொழுவ விடாதீர்கள். ஸ்பீக்கர் போகும் முனையில் நேர்மின் உள்ளதா என அளந்தாரா என்று கேளுங்கள். சில பத்து மில்லி வோல்ற் இருப்பது வழமை. பல வோல்ற் இருந்தால் புதிய ஸ்பீக்கரும் எரியும்.

முடிவாக

மின்சாரமும் பற்றரியும் கிடைக்காத 1990களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்ட மக்கள் நாம். அந்தக் கைகளுக்கு இந்த வேலை பெரிதல்ல. ஒவ்வொரு பங்கிலும் இரண்டு பிள்ளைகள், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, இச்சோதனைகளைப் பழகிக்கொள்ளட்டும். பாடகர் குழாத்தின் பெட்டியில் தொடங்கினால் அயல் வீட்டின் வானொலியும் தோட்டத்தின் பம்பும் பின்னர் வரும். ஆர்வமுள்ளவர்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து முறையாகப் படித்தால் அது ஒரு குடும்பத்தின் பிழைப்பாகவும் ஆகலாம்.

அடுத்த திருவிழாவுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே மூலையில் கிடக்கும் பெட்டியை வெளியே எடுங்கள். முதலில் புவிக்கம்பியை அளந்து பாருங்கள். பின்னர் வயர், பியூஸ், ஜாக், ஸ்பீக்கர் என்று வரிசையாகத் தேடுங்கள். பெரும்பாலும் அது நகரத்துக்குப் போகவேண்டி வராது.